கலிங்கை உயர்த்தாதீர்கள், அகலப்படுத்துங்கள்

கேள்வி: ஐயா, தேன்கனிக்கோட்டை பக்கம் நாற்பது பண்ணை வீடுகள் உள்ள குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். மனை விற்றவர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஓடையை மறித்து மண்கரை போட்டு ஓர் ஏரி அமைத்துக் கொடுத்தார். கரை 600 அடி நீளம், நடுவில் 20 அடி உயரம், அதன் மேல்தளமான தலைப்பு 8 அடி அகலம். நிரம்பினால் தண்ணீர் பத்து ஏக்கரில் நிற்கும். மேலே ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது. இடது முனையில், ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக, 20 அடி அகலத்தில் காங்கிரீட் கலிங்கு இருக்கிறது. அதன் தலையிலிருந்து கரையின் தலைப்பு 4 அடி உயரம். வார இறுதியில் பெடல் படகு விடுகிறோம். கோடையில் தண்ணீர் இறங்கிவிடுவதால் கலிங்கின் மேல் ஒன்றரை அடி ஷட்டர் வைக்கலாம் என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். மீன் வெளியே போகாமல் இருக்கக் கலிங்கில் வலை கட்டியிருக்கிறோம். கரையில் நிழலுக்கு வைத்த வேம்பும் புங்கனும் நன்றாக வளர்ந்துவிட்டன. ஏரித் தண்ணீரை வெளியே விடக் கரைக்குள் புதைத்த குழாயின் வால்வு துருப்பிடித்துத் திறக்க முடியவில்லை. குழாய் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆண்டாக ஈரம் கசிகிறது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஏரிக்குக் கீழே ஒரு கிலோமீட்டரில் முப்பது வீடுகள் இருக்கின்றன. பயப்பட வேண்டுமா? அரசு அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

பதில்: வணக்கம். கடிதத்தோடு அளவுகளையும் எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. "ஏரி பெரிசுதான் சார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் கடிதங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. நீங்கள் தந்த அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷட்டரை மறந்துவிடுங்கள். கலிங்கு இப்போதே உங்கள் ஏரிக்குப் போதவில்லை.

கணக்கு எளிதுதான். ஒரு ஏக்கரில் மணிக்கு ஓர் அங்குலம் மழைநீர் வழிந்தோடினால், அது விநாடிக்கு ஒரு கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். நம் பக்கம் செப்டம்பர், அக்டோபர் மாலைகளில் இடியோடு கொட்டும் மழை மணிக்கு இரண்டு அங்குலம் பெய்வது அதிசயமில்லை. ஏற்கெனவே நனைந்து ஊறிய நிலமாக இருந்தால் அதில் பாதியாவது ஓடிவரும். ஆக, விநாடிக்கு 640 கன அடி உங்கள் ஏரியைத் தேடி வரக்கூடும். 20 அடி அகலக் கலிங்கில் தண்ணீர் 4 அடி உயரத்துக்கு ஓடினால், அதாவது கரையின் தலைப்பையே தொட்டுக்கொண்டு ஓடினால், வெளியேறுவது சுமார் 490 கன அடிதான். மண்கரையை அந்த நிலைக்கு யாரும் விடக் கூடாது. அலை அடிக்கும், பதினான்கு ஆண்டுகளில் கரை அங்கங்கே அமுங்கியிருக்கும், ஆள் நடந்த தடம் பள்ளமாகியிருக்கும். இதற்கெல்லாம் ஒன்றரை அடியை ஒதுக்கிவைத்தால் மிச்சம் இரண்டரை அடி. அதில் 240 கன அடிதான் போகும்.

இதன் மேல் ஒன்றரை அடி ஷட்டரை வைத்து, மழையன்று அதைத் திறக்க முடியாமல் போனால் என்ன ஆகும்? தண்ணீர் கரையின் விளிம்பைத் தொடும்போதுகூட 240 கன அடிதான் வெளியேறும். ஒன்றரை அடி ஒதுக்கிப் பார்த்தால் கலிங்கின் மேல் ஓட ஓர் அடிதான் மிஞ்சும். வெளியேறுவது 60 கன அடியைச் சற்றே தாண்டும். உயரத்தில் கொஞ்சம் குறைத்தாலும் வெளியேறும் அளவு அதைவிட வேகமாகக் குறைந்துவிடும். கலிங்கின் இயல்பு அது.

"மழைக்கு முன் ஷட்டரைத் திறந்துவிடுவோம்" என்று உறுப்பினர்கள் சொல்வார்கள். கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பர் 29 அன்று எட்டு மதகுகளில் ஒன்றின் ஷட்டர் உடைந்து தண்ணீர் ஆற்றில் பாய்ந்தது நினைவிருக்கும். அந்த அணைக்குப் பொறியாளர்கள் உண்டு, காவலர்கள் உண்டு, பராமரிப்புக்கென்று ஒதுக்கீடும் உண்டு. உங்களிடம் இருப்பது ஒரு வாட்ச்மேனும், மழை பெய்தால் போய்விடும் மின்சாரமும். சின்ன ஏரிக்குத் திறக்கவோ மூடவோ எதுவும் இல்லாத, எப்போதும் வாய் பிளந்து கிடக்கும் கலிங்குதான் நல்லது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பழைய ஏரிக் கலிங்குகளில் குத்துக்கல் நட்டு, இடையில் மண்ணும் புல்லும் அடைத்துத் தண்ணீரைக் கூடுதலாக நிறுத்தியிருக்கிறார்களே என்று ஊர்ப் பெரியவர் யாராவது கேட்பார். உண்மைதான். ஆனால் பெருமழை ஓய்ந்தபின்தான் அதை அடைப்பார்கள். வெள்ளம் வந்தால் அந்த மண் தானே கரைந்து வழிவிடும். இரும்பு ஷட்டர் கரையாது.

அப்படியானால் என்ன செய்வது? கரையின் வலது முனையில் பாறைத்திட்டு இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அதுதான். அங்கே இயற்கைத் தரையில் 35 அடி அகலத்துக்கு இரண்டாவது கலிங்கு எடுங்கள், தலை மட்டம் இப்போதைய கலிங்குக்குச் சமமாக. இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை அடியை ஒதுக்கிய பிறகும் 640 கன அடியைத் தாங்கும். பாறை என்பதால் காங்கிரீட் அதிகம் தேவைப்படாது. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அங்கிருந்து விழும் தண்ணீர் கரையின் அடியை உரசாமல் நேரே ஓடையில் போய்ச் சேர வேண்டும். கலிங்கை நன்றாகக் கட்டிவிட்டு அதன் போக்குக் கால்வாயைக் கரையை ஒட்டியே வெட்டி, கடைசியில் கரையின் காலையே அரித்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

பணம் சேரும்வரை ஏரியை இரண்டடி இறக்கி வைக்கலாமா என்று கேட்பீர்கள். வையுங்கள். கரையில் சுமை குறையும், கசிவும் குறையும். ஆனால் அதையே வெள்ளத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பத்து ஏக்கரில் இரண்டடி காலியிடத்தை விநாடிக்கு 640 கன அடி வெள்ளம் 23 நிமிடத்தில் நிரப்பிவிடும். படகுக்கு ஆழம் போதாதே என்ற கவலையும் வேண்டாம். பெடல் படகு மிதக்க இடுப்பளவு தண்ணீர் தாராளம். குழந்தைகள் ஏறும் படகுக்கு ஏரி ஆழமில்லாமல் இருப்பதே நல்லது.

வலையை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். முதல் வெள்ளத்தில் என்ன மிதந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள்: ஆகாயத்தாமரை, முள்செடி, தண்ணீர் பாட்டில், தக்காளித் தோட்டத்தில் மண்ணை மூடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட். எல்லாம் போய் வலையில் அப்பிக்கொண்டால் நான் போட்ட கணக்கில் பாதிகூட மிஞ்சாது. மீன் போனால் அடுத்த ஆண்டு குஞ்சு வாங்கி விட்டுக்கொள்ளலாம்.

இனி கசிவு. என்னைக் கவலைப்படுத்துவது ஈரத்தைவிட அது வரும் இடம்தான். மண்கரைக்குள் குழாய் புதைத்திருந்தால் தண்ணீர் குழாய்க்குள் மட்டும் ஓடுவதில்லை. குழாயின் வெளிச்சுவரை ஒட்டி மண் சரியாக இடித்து இறுக்கப்படாமல் இருந்தால், அந்த இடுக்கு வழியாகவும் வரும். வரும்போது மண்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வரும். இப்படி உள்ளுக்குள் அரித்துப் போன மண்கரைகள் ஏராளம். வெளியிலிருந்து பார்த்தால் கரை கடைசி நாள்வரை நன்றாகத்தான் இருக்கும்.

உங்கள் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எழுதவில்லை. கசியும் இடத்துக்குப் பக்கத்தில், வெளிப்பக்கத்தில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் குழாய் முழுக்க எந்நேரமும் ஏரியின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கரைக்குள் கிடக்கிறது. பதினான்கு வயதான இரும்புக் குழாய் நடுவில் எங்காவது துருப்பிடித்துப் பொத்தலானால் தண்ணீர் நேரே கரையின் வயிற்றுக்குள் பீய்ச்சும். அடைப்பு உள்பக்கத்தில், தண்ணீர் குழாய்க்குள் நுழையும் வாயில் இருக்க வேண்டும். பழைய மதகுகளை அப்படித்தான் கட்டினார்கள்.

தண்ணீர் தெளிவாக வருவது இப்போதைக்கு ஆறுதல். ஆனால் "தெளிவாகத்தான் இருக்கிறது" என்று வாயால் சொல்வது போதாது, அளக்க வேண்டும். கசிவை ஒரு சிறு வாய்க்காலில் திருப்பி ஒரு குழாய்த் துண்டு வழியாக விழவிடுங்கள். பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள், மழைக்காலத்தில் தினமும். ஏரிக்குள் அடிக்குறி போட்ட ஒரு கல்லை நட்டு, அன்றைய நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். நோட்டில் தேதி, மட்டம், விநாடி, நிறம் என்று நான்கு பத்தி போதும். மட்டம் ஏறும்போது கசிவு கூடுவது இயல்பு. மட்டம் அப்படியே இருக்கும்போது கசிவு கூடினால் உள்ளே வழி பெரிதாகிறது என்று அர்த்தம். வாளியைக் கால்மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் நுண்மண் படிந்தால் காத்திருக்காதீர்கள். ஏரியை இறக்கத் தொடங்கிவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

கசியும் இடத்தைச் சிமெண்ட் பூசி அடைக்காதீர்கள். களிமண்ணைக் கொட்டி அமுக்கவும் கூடாது. கொத்தனார் உடனே சொல்லும் யோசனை அதுதான். வெளிப்பக்கம் அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது. உள்ளே அழுத்தம் ஏறி வேறொரு இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரை வரவிட்டு மண்ணை மட்டும் தடுக்க வேண்டும். முதலில் கழுவிய பருமணல் ஓரடி, அதன்மேல் சின்ன ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி, கடைசியில் பாரத்துக்குக் கல். காபி ஃபில்டர் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. இதற்கு வேண்டிய மணலும் ஜல்லியும் எப்போதும் கரையோரம் ஒரு குவியலாகக் கிடக்கட்டும். நள்ளிரவில் மழையில் லாரி தேடி அலைய முடியாது.

இது முதலுதவிதான். நிரந்தர வைத்தியம் அந்தக் குழாயைக் கைவிடுவது: ஏரியை இறக்கி, குழாய்க்குள் சிமெண்ட் கலவையை அழுத்தி நிரப்பி, அதன் வெளிமுனையைச் சுற்றிச் சரியான மணல் வடிகட்டி அமைப்பது. வடிகட்டி இல்லாமல் குழாயை மட்டும் அடைத்தால் பாதி வேலைதான், ஏனென்றால் தண்ணீர் வருவது குழாயின் வெளிப்பக்கமாகவும் இருக்கலாம். மண் அணைகளில் வேலை செய்த பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்க வேண்டும். கடிதத்தைப் படித்து நான் தீர்மானிப்பது முறையல்ல.

வால்வு திறக்காத ஏரியை எப்படி இறக்குவது? சைஃபன் வையுங்கள். ஆறங்குல எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயை ஒரு முனை தண்ணீருக்குள்ளும் மறுமுனை வெளிப்பக்க ஓடையிலும் இருக்கும்படி கரைமேல் போட்டு, குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டால் மோட்டார் இல்லாமலே ஓடும். ஒரு குழாய்க்கு உங்கள் ஏரி நாளுக்குச் சுமார் மூன்று அங்குலம் இறங்கும். மூன்று குழாய் வைத்தால் முக்கால் அடி. அதற்கு மேல் அவசரம் வேண்டாம். நாளுக்கு ஓரடியைத் தாண்டி வேகமாக இறக்கினால் ஊறிப்போன உள்பக்கச் சரிவு தண்ணீரின் தாங்கல் போனதும் சரிந்து விழும். கரை உடையும் தறுவாயில் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்க்கக் கூடாது.

மரங்களைப் பற்றிச் சொன்னால் உறுப்பினர்கள் வருத்தப்படுவார்கள். வேம்பும் புங்கனும் நல்ல மரங்கள்தான், இடம்தான் தப்பு. 8 அடி அகலத் தலைப்பில் பெரிய மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணையும் பிடுங்கிக்கொண்டு போகும். அதற்காக நாளைக்கே அறுத்துவிட்டு வரவும் கூடாது. அறுத்த மரத்தின் வேர் உள்ளே மக்கி, சில ஆண்டுகளில் அந்த இடத்தில் குழாய் போன்ற ஒரு பொந்தை விட்டுப் போகும். கையால் பிடுங்க வருகிற கன்றுகளை இப்போதே பிடுங்குங்கள். பெரியவற்றை ஏரி இறங்கியிருக்கும் கோடையில், பொறியாளர் முன்னிலையில் வேரோடு தோண்டி எடுத்து, குழியை ஆறங்குலம் ஆறங்குலமாகக் களிமண் போட்டு ஈரப்படுத்தி இடித்து நிரப்ப வேண்டும். பிறகு அருகம்புல்லோ வெட்டிவேரோ போதும். பழைய ஏரிக்கரைகளில் பனை நிற்கிறதே என்றால், பனைக்கு ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான். அந்தக் கரைகளின் அகலமும் வேறு.

கரையைப் புல் மட்டும் மூடியிருந்தால்தான் எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலையில் திவாரே என்ற சிறிய மண் அணை இரவில் உடைந்து கீழே இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. கசிவைப் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அமைச்சர் ஒருவர் நண்டுகள்மேல் பழியைப் போட்டார். நண்டு வளை தோண்டத்தான் செய்யும். அதைப் பார்த்து அடைக்க வேண்டியது யார் என்பதுதான் கேள்வி. உங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யானை. தண்ணீர் குடிக்க வந்த கூட்டம் கரையேறி இறங்கிய தடத்தில் தலைப்பு ஓரடி தாழ்ந்திருந்தால் அடுத்த மழையில் வெள்ளம் முதலில் தேடுவது அந்த இடத்தைத்தான். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, கூட்டம் போனபின் கரையைப் போய்ப் பாருங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில வரையறைகளுக்குள் வருபவற்றுக்கும் பொருந்தும். உங்களுடையது 6 மீட்டர். அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால் ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்க எந்த அதிகாரியும் உங்களைத் தேடி வரப்போவதில்லை. பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான் என்று இதைப் புரிந்துகொள்ளுங்கள். ஓடை புறம்போக்காக இருந்தால் அதை மறித்ததற்கே அனுமதி இருந்ததா என்ற கேள்வி எழும். நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் அதன் அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, வருவாய்த் துறையிடமும் நீர்வளத் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். மறைத்து வைப்பதால் எந்த லாபமும் இல்லை.

கரை உடைந்து கீழே சேதமானால் யார் பொறுப்பு என்பதில் இரண்டு பழைய வழக்குகளைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். இங்கிலாந்தில் ஆலைக்காரர் ஒருவர் கட்டிய நீர்த்தேக்கத்துத் தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்தது. ஆபத்தான ஒன்றைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர் அது வெளியேறினால் பொறுப்பேற்க வேண்டும் என்று 1868-ல் தீர்ப்பானது. சில ஆண்டுகளில் நம் பக்கத்திலேயே கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் மழையில் உடைந்து ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயின. ரயில்வே கம்பெனி அதே நியாயத்தைக் கேட்டது. பாசன ஏரி ஊரின் பிழைப்புக்கானது, அதைப் பராமரிப்பது ஜமீனின் கடமை. கவனக்குறைவு இருந்தால்தான் பொறுப்பு என்று 1874-ல், அன்று இந்தியாவுக்கு மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. உங்கள் ஏரிக்கு ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இல்லை; படகுதான் இருக்கிறது. ஜமீன்தாருக்குக் கிடைத்த சலுகை உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் நம்பமாட்டேன். கசிவு தெரிந்தும் ஓர் ஆண்டு சும்மா இருந்தீர்கள் என்பது கவனக்குறைவு ஆகுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அந்த முப்பது வீடுகள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். உங்கள் ஏரியில் நிற்பது சுமார் பத்துக் கோடி லிட்டர். கரை உடைந்தால் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் என்பது நிமிடக் கணக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்து, ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற பஸ், வேன், கார்களை உருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தோம். அங்கே வழிந்த தண்ணீரே அவ்வளவு செய்தது.

அந்தக் குடியிருப்பின் பெரியவர்களை இப்போதே போய்ப் பாருங்கள். மேலே என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். கலிங்கில் ஓரடி ஓடினால் கரையில் ஆள் நிற்க வேண்டும். இரண்டடி ஓடினால் அவர்களுக்கும் 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல். இரண்டரை அடியைத் தொட்டாலோ கசிவு கலங்கினாலோ வீடுகளைக் காலி செய்ய வேண்டும். இந்த மூன்று மட்டங்களையும் கலிங்குச் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பெயிண்ட் அடித்துவையுங்கள். இரவில் டார்ச் அடித்தாலும் வாட்ச்மேனுக்குத் தெரியும். செல்போன் டவரை நம்ப வேண்டாம், கோயில் மைக் செட்டுக்கு ஒரு பேட்டரி வாங்கிக் கொடுங்கள். உங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. அறிவிப்பு அவர்கள் பேசும் மொழியிலும் இருக்கட்டும்.

படகுக்கு இரண்டே வார்த்தை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும், உறுப்பினர் வீட்டு மாப்பிள்ளையே ஆனாலும், ஏறக் கூடாது. கலிங்குக்கு 150 அடி முன்னால் மிதவை கட்டிய கயிறு குறுக்கே போட வேண்டும். கலிங்கில் தண்ணீர் வழியும் நாளில் படகே கிடையாது. ஒகேனக்கல்லில் வரத்துக் கூடினால் பரிசலை நிறுத்திவிடுகிறார்கள், பயணிகளும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கரையின் தலைப்பை ஒரு சர்வேயரைக் கொண்டு 50 அடிக்கு ஒரு புள்ளியாக மட்டம் பார்த்து அனுப்புங்கள். நான்கு அடி என்று எழுதியிருப்பது மிகத் தாழ்ந்த இடத்தில் எடுத்த அளவு இல்லையென்றால் மேலே போட்ட கணக்கையெல்லாம் குறைத்துத்தான் போட வேண்டும். வால்வு இருக்கும் பக்கத்தின் படமும், மூன்று வார வாளிக் கணக்கும் அதோடு வரட்டும். ஷட்டருக்கு யாரிடமாவது அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள்.